கினுயோவின் ஆகஸ்டு ஆயில்

மோகி கினுயோவுக்கு வருடத்தில் ஒரே ஒரு மாதம்தான் சொந்தம். அது ஆகஸ்டு.

மற்ற மாதங்களெல்லாம் குமகாயா நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொந்தம். நகரத்தின் மதிய உணவுக் கூடத்தில் அவள் தலைமைச் சமையல்காரி. குழந்தை ஒன்று உள்ளே நின்றால் தலை தெரியாத அளவுக்குப் பெரிய இரும்புக் கொப்பரைகள் அங்கே வரிசையாக இருக்கும். விடிவதற்குள் அடுப்பு மூட்ட வேண்டும். மதியத்துக்குள் வாளிகள் லாரியில் ஏறிவிட வேண்டும். பனிக்காலத்தில் விடுப்புக் கேட்டால் கிடைக்காது. காய்ச்சல் பரவும் காலம், ஆள் பற்றாது. வசந்தத்தில் புது வகுப்புகள் தொடங்கும். ஆகஸ்டில் மட்டும் பள்ளிகள் மூடிக் கிடக்கும். கொப்பரைகள் காய்ந்து கவிழ்ந்திருக்கும்.

கினுயோவின் சிக்கல் அங்கேதான் இருந்தது. அவளிடம் இருந்தது ஒரு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர் உட்காரலாம், துணிக்கூரை மடங்கும், அடர்பச்சை நிறம், வயது இருபத்தைந்துக்கு மேல். அந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்குக் குளிர்காலத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். காற்று குளிர்ந்திருந்தால் இன்ஜின் சிரித்துக்கொண்டே ஓடும். ஆகஸ்டில், அதுவும் நாட்டிலேயே வெயிலுக்குப் பெயர்போன அந்த வட்டாரத்தில், தார் இளகும் நேரத்தில் ஓட்ட வருகிறவர்கள் குறைவு. வருகிறவர்களும் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு நிழலில் ஒதுங்கிவிடுவார்கள். கினுயோவுக்கு வேறு மாதம் இல்லை. அதனால் அவள் ஆகஸ்டில் ஓட்டினாள்.

அவள் ஃபுகாயாவில் வெங்காயத்தாள் விளைவித்த குடும்பத்துப் பெண். அப்பாவின் குட்டி லாரியை வரப்போரத்து மண்பாதையில் ஓட்டிப் பழகியவள். வளைவில் பின்சக்கரம் லேசாக வழுக்கும்போது வயிற்றுக்குள் ஒரு துள்ளல் வருமே, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சிமென்ட் ஆலையில் கிரேன் ஓட்டிய யசுஹாருவைக் கட்டிக்கொண்டாள். மகள் பிறந்தாள், வளர்ந்தாள், நகோயாவுக்கு வேலைக்குப் போனாள். மகள் போன அடுத்த மாதம், நெகிஷி என்பவரின் மெக்கானிக் கொட்டகைக்கு வெளியே, கூரை கிழிந்து கிடந்த பச்சை வண்டியை கினுயோ பார்த்தாள். அப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு. வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தபோது யசுஹாரு அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காய்கறி வாங்கினா எங்க வைப்பே?"

"உங்க மடியில."

எட்டு வருடங்கள் போயின. வண்டி ஊருக்குள் ஒழுங்காகவே ஓடியது. தடத்தில்தான் தகராறு. சிச்சிபு மலையடிவாரத்தில் இருந்த சிறிய தடம் அது. ஏழாவது வளைவு வலப்பக்கமாகத் திரும்பும். முடியவே முடியாதோ என்று தோன்றும் அளவுக்கு, கொப்பரை விளிம்பு போல நீண்டு வளைந்துகொண்டே போகும். ஓட்டத்தின் பாதி நேரம் கடந்து, வண்டி நன்றாகச் சூடேறிய பிறகு, அந்த வளைவின் நடுவில் சிவப்பு விளக்கு ஒன்று பளிச்சென்று எரிந்து அணையும். ஆயில் பிரஷர் இல்லை என்பதற்கான விளக்கு. அணைந்தால்கூட, அது எரிந்த அந்தக் கணத்தில் உள்ளே இரும்பும் இரும்பும் வெறுமையாக உரசியிருக்கும். அது தெரியாதவள் அல்ல அவள். விளக்கைப் பார்த்ததும் காலை எடுத்துவிட்டு, தடத்தை விட்டு மெதுவாகக் கரையேறிவிடுவாள். போன கோடையில் அப்படித்தான். அதற்கு முந்தின இரண்டு கோடைகளிலும் அப்படித்தான்.

போன வருடம் அவள் திரும்பி வந்த மாலையில் யசுஹாரு இன்ஜினில் காது வைத்துக் கேட்டார். ஆலையில் ஒரு முறை ஆயில் போகாமல் பேரிங் உடைந்ததை நேரில் பார்த்தவர். அந்தச் சத்தம் இன்னும் தன் காதில் இருப்பதாகச் சொல்லுவார்.

"இந்த இன்ஜின் போச்சுன்னா வேற இன்ஜின் கிடையாது. கம்பெனி எப்பவோ செய்யறதை நிறுத்தியாச்சு. உன் சேமிப்பும் போகும், உன் மனசும் போகும். எனக்கு ரெண்டாவதுதான் பயம்."

"அதுக்கு?"

"ஹிரகாவா கேட்டுக்கிட்டே இருக்கான். நல்லா பாத்துப்பான்."

ஹிரகாவா வங்கியில் வேலை பார்த்த இளைஞன். அதே மாதிரி வண்டி வைத்திருந்தான். தடத்தில் ஓட்டியே இரண்டு இன்ஜின்களைத் தீர்த்துக் கட்டியவன். மூன்றாவதாக கினுயோவின் வண்டிமேல் கண் வைத்திருந்தான். மரியாதையான பையன்தான். புத்தாண்டுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவான். அதில் வண்டியின் நலனையும் விசாரிப்பான்.

பேச்சு இழுத்து இழுத்துப் போய் ஓர் உடன்பாட்டில் நின்றது. யசுஹாருதான் சொன்னார்.

"அடுத்த ஆகஸ்டு கடைசி. ஒரே ஒரு தடவை, இருபது நிமிஷ ஓட்டம் முழுசும் அந்த விளக்கு எரியாம ஓட்டிட்டு வா. அப்புறம் இதைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன். முடியலன்னா ஹிரகாவாகிட்ட குடுத்துடலாம்."

"நீங்க வாயே திறக்க மாட்டீங்களா? அதுக்காகவாவது ஜெயிக்கணும்."

"எரிஞ்சா எரிஞ்சுதுன்னு சொல்லணும்."

"நான் என்னிக்குப் பொய் சொன்னேன்?"

யசுஹாரு யோசித்துப் பார்த்தார். "கல்யாணத்துக்கு முன்னாடி, சமைக்கத் தெரியாதுன்னு சொன்னே."

மறுவருடம் ஜூலையில் அவள் நெகிஷியின் கொட்டகைக்குப் போனாள். நெகிஷிக்கு அறுபது வயது இருக்கும். கோடை முழுக்கக் கழுத்தில் ஈரத்துண்டும் கையில் ஐஸ் துருவலுமாகவே இருப்பார். போன குளிர்காலத்தில் அவளுடைய வண்டியில் இரண்டு மீட்டர்களைப் பொருத்திக் கொடுத்திருந்தார். ஒன்று ஆயில் சூட்டுக்கு, ஒன்று ஆயில் பிரஷருக்கு; சூட்டை டிகிரியிலும் பிரஷரைக் கிலோவிலும் காட்டும்.

ஆயில் டின்களில் இரண்டு எண்கள் இருக்கும். முன் எண், குளிரில் அந்த ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்லும். சிறிதாக இருந்தால் பனிக்காலத்து விடியலிலும் சட்டென்று ஓடும். பின் எண், இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்லும்; பெரிதாக இருந்தால் அவ்வளவு கெட்டி. அவளுடைய வண்டிக்கு வழக்கமாக ஊற்றுவது ஐந்து-முப்பது.

"முப்பது போதலை. வெயில்ல தண்ணியாயிடுது. அதான் விளக்கு எரியுது" என்றாள் கினுயோ.

"யார் சொன்னா?"

"தடத்துல எல்லாரும் சொல்றாங்க. ஹிரகாவா இருபது-அறுபது போடச் சொல்றான்."

நெகிஷி ஐஸை மென்றார். "அறுபதா? அது தேன் மாதிரி இருக்கும், மோகி சான். காலையில ஸ்டார்ட் பண்ணினா மேல ஏறவே யோசிக்கும்."

"ஆகஸ்டுல காலையும் அடுப்புதான். ஏறும். இருக்கிறதுலயே கெட்டியானதைப் போடுங்க. எனக்கு ரெண்டே ரெண்டு ஓட்டம்தான் இருக்கு. பாதி வேலை பாக்க நேரமில்ல."

"ஒரு டின்னா?"

"ஒரு டின் போதும். எப்பவும் போலத்தான்."

நெகிஷி நாலு லிட்டர் டின்னைத் திறந்து ஊற்றினார். கடைசிச் சொட்டு வரை வடியவிட்டார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் நின்றது. "சரியா இருக்கு" என்றார். கினுயோவும் எட்டிப் பார்த்துத் தலையசைத்தாள்.

ஆகஸ்டின் முதல் ஓட்டத்துக்கு அவள் தனியாகத்தான் போனாள். நீண்ட கை வைத்த சட்டை, கையுறை, தலைக்கவசம். சமையல் கூடத்தில் கட்டும் நனைந்த கழுத்துத் துணியையும் கட்டிக்கொண்டாள். காலையில் இன்ஜினைக் கிளப்பியபோது தகரத்தைத் தட்டுகிற மாதிரி ஓர் ஓசை கேட்டு அடங்கியது. அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தடத்தில் இறங்கியதும் பிரஷர் முள் கம்பீரமாக ஏறி ஆறு கிலோவில் நின்றது. போன குளிர்காலத்தில் ஊருக்குள் ஓட்டியபோது அது நாலைக்கூடத் தாண்டியதில்லை. "அப்படி வா வழிக்கு" என்று தலைக்கவசத்துக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

சூட்டு முள்தான் ஏறிக்கொண்டே போனது. கெட்டி ஆயில் தன்னைத்தானே கடைந்து சூடாகும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. நூற்றுப் பத்து, நூற்றிருபது, அதற்கும் மேல். பாதி நேரம் ஆனபோது ஏழாவது வளைவின் நடுவில் பிரஷர் முள் அறுந்து விழுந்த மாதிரி சரிந்தது. விளக்கு எரிந்தது. போன வருடத்தைவிட அதிக நேரம் எரிந்தது. வளைவு முடிந்து நேர்ப்பாதைக்கு வந்ததும் முள் ஒன்றும் நடக்காதது போல ஆறுக்கே ஏறிக்கொண்டது.

அவள் கரையேறி வண்டியை நிறுத்தினாள். ஹிரகாவா வந்து ஜன்னலுக்கு அருகே குனிந்தான்.

"எரிஞ்சுதா மோகி சான்?"

"எரிஞ்சுது."

"அறுபதுக்குமா?" அவன் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "எனக்கும் அதே வளைவுலதான் போச்சு, ரெண்டு தடவையும்."

வீட்டில் யசுஹாரு பள்ளிப் பையன்களின் பேஸ்பால் ஆட்டத்தை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உள்ளே வந்ததும் சத்தத்தைக் குறைத்தார்.

"எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

"ம்."

"இன்னொரு ஞாயித்துக்கிழமை இருக்கு."

"இருக்கு, இருக்கு. நான் ஒண்ணும் சொல்லலையே." அவர் பார்லி டீயை ஊற்றி அவள் பக்கம் நகர்த்திவைத்தார். பிறகு சத்தத்தைக் கூட்டினார்.

முன்னோர்களை வரவேற்கும் ஒபோன் நாட்கள் வந்தன. வெள்ளரிக்காயில் நாலு குச்சி செருகி, முன்னோர்கள் ஏறி வருவதற்கான குதிரையைச் செய்து பலகையில் வைத்தாள். யசுஹாரு அதைக் கையிலெடுத்து அடியில் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்காவது ஆயில் வேணாமில்ல?"

அவள் சிரிக்கவில்லை. அவள் மனம் அந்த முள்ளிலேயே இருந்தது. ஆயில் தண்ணீராகிப் போவதுதான் காரணம் என்றால், நேர்ப்பாதையிலும் அல்லவா முள் தாழ வேண்டும்? நேரில் ஆறு கிலோ, வளைவில் ஒன்றுமில்லை என்றால் அது எந்தக் கணக்கில் சேரும்? கல்லறையைக் கழுவும்போதும், ஊதுவத்தி ஏற்றும்போதும், பேருந்தில் திரும்பும்போதும் அதையே போட்டு அரைத்துக்கொண்டிருந்தாள். பதில் தெரியாமல் வண்டியைக் கொடுக்க அவளுக்கு மனமில்லை. தெரிந்துகொண்டு தோற்றாலாவது பரவாயில்லை என்று ஒரு பிடிவாதம் ஏறியிருந்தது.

ஒபோன் முடிந்த வாரத்தில், பள்ளி திறப்பதற்கு முன்பான சோதனைச் சமையல் நடந்தது. விடுமுறையில் கொப்பரைகளைப் பழுது பார்த்திருப்பார்கள். எல்லாம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு கொப்பரையில் குழம்பு வைப்பார்கள். வேலையாட்களே சாப்பிட்டுத் தீர்ப்பார்கள். அன்று குழம்புக்கு மாவு வதக்கியவள் நிஷினோ என்ற பெண். வாயாடி. கை தாராளம். குழம்பு கெட்டியாகிவிட்டது.

"நிஷினோ சான், இது குழம்பா, சுவத்துக்குப் பூசறதா?"

"கெட்டியா இருந்தாத்தான் சத்து, தலைவி."

முக்கால்வாசிக் குழம்பை வாளிகளில் எடுத்த பிறகு, மீதியை அள்ளுவதற்காக கினுயோ கைச்சக்கரத்தைச் சுற்றிக் கொப்பரையைத் தன் பக்கம் சாய்த்தாள். கரண்டியை விட்டாள். கரண்டி குழம்பைப் பாதி, காற்றைப் பாதி மொண்டது. மீதிக் குழம்பு எதிர்ச்சுவரிலும் மேல்விளிம்பிலும் அப்பிக்கொண்டு, வரலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்து இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் முறை மொண்டாள். மறுபடியும் காற்று.

அவள் கை அப்படியே நின்றது.

"என்ன தலைவி, ஈ விழுந்துடுச்சா?"

"பக்கத்துக் கொப்பரையில கொஞ்சம் தண்ணி பிடி."

"கழுவறதுக்கா? இன்னும் சாப்பிடவே இல்லையே!"

"பிடின்னா பிடி."

அதே அளவு தண்ணீர். சாய்த்தாள். கண் மூடித் திறப்பதற்குள் தண்ணீர் தாழ்ந்த பக்கம் வந்து சேர்ந்தது, கரண்டி நிறைந்தது. பிறகு அந்தத் தண்ணீரில் பாதியைக் கொட்டிவிட்டு, கரண்டியை அதே இடத்தில் பிடித்தபடி கொப்பரையை வேகமாக எதிர்ப்பக்கம் சாய்த்தாள். இப்போது தண்ணீர் என்றும் பார்க்காமல் கரண்டி காற்றை மொண்டது. கடைசியில் கொப்பரை நிறையத் தண்ணீர் விட்டு எப்படியெல்லாமோ சாய்த்துப் பார்த்தாள். கரண்டிக்குக் காற்று கிடைக்கவே இல்லை. நிஷினோவும் மற்றவர்களும் தட்டுகளைப் பிடித்தபடி, தலைவிக்கு வெயில் தலைக்கேறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இன்ஜினின் அடியில் இருக்கிற ஆயில் சேம்பரும் ஒரு கொப்பரைதான். அதற்குள் இருக்கிற உறிஞ்சு குழாய் ஒரு கரண்டி. ஏழாவது வளைவில் வண்டி திரும்பிக்கொண்டே இருக்கும்போது ஆயில் முழுவதும் ஒரு பக்கமாக ஏறி நிற்கிறது. குழாய் காற்றை உறிஞ்சுகிறது. ஆயில் கெட்டியாக இருந்தால், மேலே ஏறிய ஆயில் கீழே இறங்கி வருவதற்கும் நேரமாகிறது. சேம்பரில் இன்னும் குறைகிறது. அவள் கெட்டியாக்கிக் கெட்டியாக்கி, விளக்கைக் கூடுதல் நேரம் எரிய வைத்திருந்தாள்.

அன்று மாலை வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஆறவிட்டு, கம்பியை உருவினாள். முதல் ஓட்டத்தில் கொஞ்சம் ஆயில் தீய்ந்து குறைந்து போயிருந்தது. ஆயில் கீழ்க்கோட்டை ஒட்டி நின்றது. அப்படியே வண்டியைக் கிளப்பிக்கொண்டு நெகிஷியிடம் போனாள்.

"இந்த இன்ஜினுக்கு ஃபில்டரோட சேத்து எவ்வளவு ஆயில் பிடிக்கும்?"

"நாலரை."

"நீங்க எவ்வளவு ஊத்தறீங்க?"

"நாலு. டின் நாலு லிட்டர்தானே."

"எட்டு வருஷமாவா?"

"எட்டு வருஷமா."

"யார் சொன்னா நாலு போதும்னு?"

நெகிஷி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதான் சொன்னீங்க, மோகி சான். முதல் தடவை நான் ஒரு லிட்டர் டின்னையும் எடுத்து வெச்சேன். அரை லிட்டருக்காக ஒரு டின்னைத் திறந்தா மிச்சம் வீணாப் போகும், வேண்டாம்னீங்க. நானும் விட்டுட்டேன். கோடு ரெண்டுக்கும் நடுவுலதானே நிக்குது, தப்பில்லைன்னு நினைச்சேன். இங்க எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க."

அவர் சொன்னது அவளுடைய சொல்தான், சந்தேகமே இல்லை. தினமும் பள்ளிகளிலிருந்து திரும்பி வரும் மிச்சத்தை எடை போட்டுப் பார்ப்பவள் அவள். மீதி என்ற சொல்லே அவளுக்கு ஆகாது. முள்ளங்கித் தோலைக்கூட வறுத்துவிடுவாள். அந்தக் கையோடு இன்ஜினுக்கும் அரை வயிறு சோறு போட்டு வந்திருக்கிறாள்.

"சரி" என்றாள் கடைசியில். "அந்த ஒரு லிட்டர் டின்னையும் எடுங்க."

"எடுக்கறேன். எந்த ஆயில்? அறுபதே இருக்கட்டுமா?"

"அறுபதை வடிச்சுடுங்க."

"அப்ப பழைய முப்பதா? நிறைய ஊத்தினா வளைவுல தாங்கும்."

கினுயோ மனதுக்குள் கணக்குப் போட்டாள். முப்பது சட்டென்று இறங்கி வரும், நல்லதுதான். ஆனால் இருபது நிமிடமும் இந்த வெயிலில் ஓடும்போது, கடைசிச் சுற்றுகளில் அது மிகவும் இளகிவிடும். போன வருட நினைவு அவளுக்கு இருந்தது. சூடேறியபின் வண்டியை நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டால் அதன் சத்தம் கரகரப்பாக மாறிவிடும். அறுபது இறங்கி வராது. நடுவில் ஐம்பதும் நாற்பதும் இருந்தன.

"எது போதுமான பிரஷரைக் குடுக்குமோ, அதுல இருக்கிறதுலயே சன்னமானது வேணும்" என்றாள். "சூப் மாதிரி. தண்ணியாவும் வேணாம், பூச்சாவும் வேணாம்."

"அப்படின்னா நாப்பது."

"ஐந்து-நாப்பதா?"

"ஆகஸ்டுல முன்னாடி இருக்கிற எண் எதுக்கு? பனியா கொட்டுது?" நெகிஷி அலமாரியிலிருந்து வேறொரு டின்னை இறக்கினார். "ரெண்டு எண்ணுக்கும் நடுவுல தூரம் கூடக்கூட, உள்ள கலக்கற மருந்தும் கூடும். சூட்டுல அடிச்சு ஓட்டினா அந்த மருந்து சீக்கிரம் களைச்சுப் போயிடும். பத்து-நாப்பது போடுங்க. குளிர்காலத்துல நீங்க என்ன தடத்துக்கா வரப் போறீங்க?"

"குளிர்காலத்துல நான் பிள்ளைங்களுக்கு ஸ்டியூ கிண்டிக்கிட்டிருப்பேன்."

"அதையாவது கெட்டியாக் கிண்டுங்க."

அவர் பழைய ஆயிலை வடித்தார். நாலு லிட்டர் டின் முழுதும் இறங்கிய பிறகு, கினுயோவே சின்ன டின்னைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். ஊற்றுவதும் கம்பியைப் பார்ப்பதுமாக, மேல்கோடு வந்ததும் நிறுத்தினாள். அதற்கு மேல் போனாலும் கெடுதல். சுழலும் தண்டு அடித்து நுரையாக்கிவிடும். பாதி டின் மிஞ்சியது. அதை மூடி, துணியில் சுற்றி, இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

மாதத்தின் கடைசி ஞாயிறு. மறுநாள் பள்ளி திறப்பு. யசுஹாரு தொப்பியை மாட்டிக்கொண்டு வந்து இடப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். அதுவரை ஒருமுறைகூட அவர் தடத்துக்கு வந்ததில்லை.

"நீங்களும் வர்றீங்களா?"

"வித்துட்டா அப்புறம் எங்க பாக்கறது?"

மடியில் சோற்று உருண்டைப் பொட்டலத்தையும் பார்லி டீக் குடுவையையும் வைத்துக்கொண்டார்.

தடத்தில் காற்றே இல்லை. தாரின் மேல் அனல் நெளிந்தது. ஹிரகாவா ஓட்டுவதற்கு வண்டியில்லாமல், பார்க்க மட்டும் வந்திருந்தான். யசுஹாருவுக்குத் தன் குடை நிழலில் இடம் கொடுத்தான். கினுயோ நனைந்த துணியைக் கழுத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தடத்தில் இறங்கினாள்.

நேர்ப்பாதையில் முள் நாலு கிலோவுக்குச் சற்று மேலே நின்றது. அறுபது ஊற்றியபோது இருந்த கம்பீரம் இல்லை. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. முதல் சில சுற்றுகளில் ஏழாவது வளைவில் முள் அசையக்கூட இல்லை. அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை. விளக்கு எப்போதும் பாதிக்கு மேல்தான் வரும்.

பாதி ஆனது. ஆயில் சூடு நூற்றுப் பதினைந்து. முன்னால் ஓடிய இரண்டு வண்டிகள் கரையேறின. அவள் ஏழாவது வளைவுக்குள் நுழைந்தாள். கண் பாதையில், கண்ணின் ஓரம் முள்ளில். வளைவு நீண்டது. இன்னும் நீண்டது. முள் ஒரு கோடு தாழ்ந்தது. அவள் காலைத் தளர்த்தவில்லை. வளைவு விரிந்து நேரானபோது முள் தன் இடத்துக்கு ஏறியது. விளக்கு கறுப்பாகவே இருந்தது.

ஆனால் சூட்டு முள் நிற்கவில்லை. நூற்றிருபதைத் தாண்டியது. இப்படியே போனால் நாற்பதும் இளகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. கரையேறினால் ஓட்டம் முடிந்துவிடும். யசுஹாரு கேட்டது முழு இருபது நிமிடம். வேகமாக ஓட்ட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கொப்பரை பொங்கினால் யாராவது அடுப்பை அணைப்பார்களா? தணிக்கத்தான் செய்வார்கள். அவள் கியரை உயர்த்தி, ஒரு சுற்று முழுவதும் பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட்டு மெல்லப் போனாள். இன்ஜினின் சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளட்டும் என்று வண்டியின் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டாள். அந்த ஆகஸ்டு மதியத்தில், தலைக்கவசத்துக்குள், முகத்தில் நேராக அனல் அடித்தது. கண்ணில் வியர்வை எரிந்தது. முப்பது வருடம் கொப்பரைகளுக்கு முன் நின்ற உடம்பு அது. தாங்கியது.

முள் நூற்றுப் பதினைந்துக்கு இறங்கியது. அவள் மறுபடியும் மிதித்தாள்.

கடைசிச் சுற்றில் ஏழாவது வளைவை அவள் எப்போதும் எடுப்பதைவிட வேகமாகவே எடுத்தாள். பின்சக்கரம் லேசாக வழுக்கியது. வயிற்றுக்குள் அந்தப் பழைய துள்ளல் வந்துபோனது. முள் தாழ்ந்தது, நின்றது, ஏறியது. ஓட்டம் முடிந்ததைச் சொல்லும் கட்டம் போட்ட கொடி அசைந்தது.

அவள் வந்து நிறுத்தியபோது யசுஹாருவும் ஹிரகாவாவும் குடையை விட்டு வெயிலிலேயே நின்றிருந்தார்கள். அவள் தலைக்கவசத்தைக் கழற்றினாள். முகம் வெந்த நண்டு போலச் சிவந்திருந்தது.

யசுஹாரு குனிந்தார். "நடுவுல மெதுவாப் போனியே. எரிஞ்சுதா?"

"எரியல."

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவைகூட."

அவர் தலையை ஆட்டினார். உள்ளே கை நீட்டி, வீசிக்கொண்டிருந்த அனலைத் தொட்டுப் பார்த்துப் பதறிக் கையை இழுத்துக்கொண்டார். "இதென்ன, ஹீட்டரா? பைத்தியமா நீ?"

"வாயே திறக்க மாட்டேன்னீங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். ஹிரகாவாதான் சிரித்துவிட்டான். சிரித்த பிறகு, தன் கையை விட்டு ஏதோ போய்விட்டது என்று நினைவு வந்தவன்போலக் கழுத்தைத் தடவிக்கொண்டான்.

"அப்ப வண்டி எனக்கில்ல?"

கினுயோ கணவரைப் பார்த்தாள். "வாக்குக் குடுத்தது நீங்க. நீங்களே சொல்லுங்க."

யசுஹாரு தொப்பியைக் கழற்றி, ஹிரகாவாவுக்கு முறையாகக் குனிந்து வணங்கினார். "மன்னிச்சுக்கணும். விக்கறதா இல்ல."

ஹிரகாவாவும் பதிலுக்குக் குனிந்தான். நிமிர்ந்தவன் கேட்காமல் விடவில்லை. "என்ன ஆயில் போட்டீங்க மோகி சான்?"

"பத்து-நாப்பது. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. நீ எத்தனை டின் வாங்குவே?"

"ஒண்ணுதான். நாலு லிட்டர்."

கினுயோ வண்டியை ஆறவிட்டு, இருக்கைக்குப் பின்னாலிருந்து துணி சுற்றிய சின்ன டின்னை எடுத்தாள். கம்பியை உருவினாள். மேல்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. "பக்கத்துல வா" என்று ஹிரகாவாவைக் கூப்பிட்டு, கம்பியை அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். பிறகு குறைந்ததை ஊற்றி நிறைத்தாள்.

டின்னில் இன்னும் கொஞ்சம் இருந்தது. யசுஹாரு அதை வாங்கி ஆட்டிப் பார்த்தார்.

"மிச்சம் இருக்கே. இதை என்ன பண்ணுவே?"

"மடியில வெச்சுக்கிட்டு வாங்க" என்றாள் கினுயோ. "காய்கறி எங்க வைப்பேன்னு கேட்டீங்களே, அங்கதான்."